வரிசையில் நீங்கள் பதினான்காவது

அத்தியாயம் 4

காலை எட்டு மணிக்கு இன்னும் பதினைந்து நொடி இருந்தது. ஐரீன் ஷட்டில்வொர்த் சமையலறை மேஜையில் கைபேசியை வைத்து, பச்சைப் பொத்தானுக்கு மேல் கட்டைவிரலைத் தயாராக நிறுத்தியிருந்தாள்.

"கொஞ்சம் முன்னாடியே அடிச்சுப் பார்த்தா?" என்றான் நெவில்.

"அடிச்சா, 'எட்டு மணிக்குத் திறப்போம்'னு ஒரு குரல் சொல்லும். அதுக்கும் காசு."

டோரீன் ஆர்மரோட் ஜன்னலோரம் நின்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துப்பறியும் தொழிலுக்கு வந்து ஆறு வருடம். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் இதே ஆக்கன்ஷா ஊரின் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். மனிதர்கள் பொய் சொன்னால் அவளுக்குச் சில சமயம் தெரியாமல் போகும். தொலைபேசி பொய் சொன்னால் தப்பாது.

எட்டு.

ஐரீன் அழுத்தினாள். ஸ்பீக்கரில் ஒரே ஒரு மணி. உடனே தேன் தடவிய பெண் குரல்.

"மில்கேட் க்ளினிக் உங்களை வரவேற்கிறது. வரிசையில் நீங்கள் பதினான்காவது."

"எட்டு அடிச்சு ரெண்டு செகண்டு ஆகல," என்றான் நெவில். "பதிமூணு பேரு எங்கேர்ந்து குதிச்சாங்க?"

"எல்லாரும் என்னை மாதிரியே விரலை வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க தம்பி. இந்த ஊர்ல அதான் காலைத் தொழில்."

பியானோ தொடங்கியது. ஒரே எட்டு சுரம், திரும்பத் திரும்ப.

பக்கத்து அறையில் யாரோ இருமினார்கள். நீண்ட, ஈரமான இருமல். அது முடிந்ததும் ஆக்ஸிஜன் சிலிண்டரின் மெல்லிய சீறல் கேட்டது. ஐரீனின் கணவர் வில்ஃப். முப்பத்தோரு வருடம் பஞ்சாலையில் வேலை பார்த்த நுரையீரல். ஒவ்வொரு குளிர்காலத்திலும் சளி கட்டும். இரண்டு நாளுக்குள் மருந்து கிடைத்தால் வீட்டிலேயே தேறிவிடுவார். கிடைக்காததால் போன வருடம் பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

மேஜைமேல் க்ளினிக்கிலிருந்து வந்த கடிதம் இருந்தது. செப்டம்பர் இருபத்தியொன்று, நவம்பர் ஒன்பது, டிசம்பர் இரண்டு ஆகிய மூன்று நாட்களும் திரு. ஷட்டில்வொர்த் முன்னறிவிப்பு இல்லாமல் அப்பாயின்ட்மென்டுக்கு வரவில்லை. விதிப்படி, வெள்ளி மாலை ஆறு மணியோடு அவர் பெயர் க்ளினிக்கின் பட்டியலிலிருந்து நீக்கப்படும்.

இன்று வியாழன். ஆக்கன்ஷாவில் இருந்த இன்னொரு க்ளினிக் போன வருடம் மூடிவிட்டது. அடுத்த ஊர்க்காரர்கள் புது ஆட்களைச் சேர்ப்பதில்லை.

"மூணு தடவையும் கூப்பிட்டீங்க. நிச்சயமா?" என்று கேட்டாள் டோரீன். நேற்றும் கேட்டிருந்தாள்.

"மூச்சு முட்டுற மனுஷனை இந்தக் குன்றுலேர்ந்து இறக்கி பஸ்ல ஏத்த முடியுமா? இன்னிக்கு வர முடியாதுன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். மூணு தடவையும் லைன்லயே நிக்க வச்சாங்க. மூணு தடவையும் பேலன்ஸ் தீர்ந்து கட் ஆச்சு. நேர்ல போய்ச் சொல்லலாம்னா இவரை யார் பார்த்துக்கறது?"

"வரிசையில் நீங்கள் பதினொன்றாவது."

"இந்த இழவு பியானோ எனக்கு மனப்பாடம்," ஐரீன் பொருமினாள். "நடுவுல வர்ற அறிவிப்பும் மனப்பாடம். ஒருநாள் ஒரு ஆம்பளை குரல், சனிக்கிழமை ஃப்ளூ ஊசின்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. பாதியில தும்மிட்டாரு. தும்மிட்டு 'அட சனியனே'ன்னாரு. அப்படியே பதிவாயிருந்துது! எனக்கு அழுகை வர்ற நேரத்துல சிரிப்பு வந்துடுச்சு."

"எந்த நாள்?"

"ரெண்டாவது தடவை. வில்ஃபோட பொறந்தநாள் அன்னிக்கு. நவம்பர் ஒன்பது."

டோரீன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். நெவில் எட்டிப் பார்த்தான்.

"தும்மலையெல்லாமா எழுதுவீங்க மேடம்? அடுத்தது என்ன, கொட்டாவியா?"

"நீ விட்டா எழுதறேன்."

நெவில் பதினேழு வருடம் பஸ் ஓட்டியவன். வழித்தடத்தை ரத்து செய்ததால் வேலை போனது. டோரீனிடம் வந்து ஒன்றரை வருடமாகிறது. காரும் வாயும் அவனுடையவை. பெட்ரோல் செலவு அவளுடையது.

பதினொன்று எட்டானது. எட்டு ஐந்தானது. ஐரீன் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"வரிசையில் நீங்கள் மூன்றாவது."

அந்தக் குரல் அதோடு அறுந்தது. வேறொரு குரல், இது ஆண். "உங்கள் கணக்கில் போதிய தொகை இல்லை."

மூன்று பேரும் கைபேசியைப் பார்த்தார்கள். அது ஒரு தடவை மினுக்கிவிட்டு அணைந்தது.

"பதினோரு நிமிஷம்," என்றாள் டோரீன். "நாலு பவுண்டு நாற்பது."

"வாரத்துக்குப் பத்து பவுண்டுதான் போடுவேன்," என்றாள் ஐரீன். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் டோரீனுக்குப் பொறுக்கவில்லை.

"முன்னாடியெல்லாம் லைன் கிடைக்கலன்னா எங்கேஜ்டு வரும்," என்றாள் அவள். "நாள் பூரா எங்கேஜ்டு கேட்டாலும் காசு கிடையாது. இப்ப எங்கேஜ்டை எடுத்துட்டு வரிசை வச்சிருக்காங்க. வரிசைன்னா என்ன? போனை எடுத்தாச்சுன்னு அர்த்தம். மீட்டர் ஓட ஆரம்பிச்சாச்சு."

"பஸ் ஸ்டாப்புல நிக்கறதுக்கே டிக்கெட் கிழிக்கற மாதிரி," என்றான் நெவில். "நான் பதினேழு வருஷம் முட்டாளா இருந்திருக்கேன்."

ஐரீன் தேநீர் ஊற்ற எழுந்தாள். பால் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தபோது, அதன் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த ஓர் அஞ்சலட்டை டோரீனின் கண்ணில் பட்டது. கடற்கரை, பனைமரம், சிவந்த எழுத்தில் ஸ்பெயின்.

"யாரு அனுப்பினது?"

"பக்கத்து வீட்டு ஹெர்பர்ட். குளிர்காலம் பூரா அங்கதான் கிடப்பாரு. படிச்சுப் பாருங்க, வயித்தெரிச்சல்."

டோரீன் அட்டையைத் திருப்பினாள்.

'ஐரீன், பிரஷர் மாத்திரை விஷயமாக நம்ம க்ளினிக்கைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்கள். வெயில் எப்படி என்று அக்கறையாக விசாரித்தார்கள். நீ புலம்பும் வரிசை எங்கே இருக்கிறது? வில்ஃபைக் கேட்டதாகச் சொல்.'

"ஆயிரம் மைல் தள்ளி இருக்கறவருக்கு முதல் மணி," என்றாள் ஐரீன். "குன்றுக்கு மேல இருக்கறவளுக்குப் பதினாலாவது இடம்."

"ரிசப்ஷன்ல அவருக்கு வேண்டியவங்க யாரோ இருக்காங்க," என்றான் நெவில். "வேண்டியவங்க இருந்தா பஸ்கூட ஸ்டாப் இல்லாத இடத்துல நிக்கும்."

டோரீன் தலையசைத்தாள். அட்டையை இரண்டாம் முறை படித்தாள்.

"இல்ல. ஐரீன் அடிக்கற நம்பர் 0844ல ஆரம்பிக்குது. நிமிஷத்துக்குக் கூடுதல் காசு பிடுங்கற அந்த மாதிரி நம்பரை ஸ்பெயின்லேர்ந்து அடிச்சா பெரும்பாலும் கிடைக்கவே கிடைக்காது. கடல் தாண்டாத நம்பர் அது."

"அப்ப ஹெர்பர்ட் எந்த நம்பரை அடிச்சாரு?"

"அதைத்தான் பார்க்கப் போறோம். தேநீரை அப்புறம் குடி."

"மேடம், ஒரு மடக்கு..."

"கார் சாவி எங்க?"

●

மில்கேட் க்ளினிக்கில் ஈரக் கோட்டு வாசனை அடித்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கிளெனிஸ் என்று பெயர் குத்திய ஐம்பது வயதுப் பெண், தலையில் மாட்டிய மைக்கில் பேசியபடியே இருந்தாள். சுவரில் பெரிய பலகை: 'எங்களை அழைக்க ஒரே எண்'. அதன் கீழே 0844. அதற்கும் கீழே, 'உள்ளூர்க் கட்டணம் மட்டுமே'.

"யாரோட உள்ளூர்? சந்திரனா?" என்றான் நெவில்.

டோரீன் தடுப்பருகே சென்றாள். "ஒரு அப்பாயின்ட்மென்டை ரத்து பண்ணணும்னா எப்படிச் சொல்றது?"

"போன் பண்ணிச் சொல்லணும் கண்ணு."

"நான் நேர்லயே நிக்கறேனே."

"நேர்ல சொன்னா நான் லைன்ல இருக்கறவங்களை விட்டுட்டு உங்களைக் கவனிக்கணும். பாவம், அவங்க எவ்வளவு நேரமா நிக்கறாங்க!" கிளெனிஸ் உண்மையாகவே வருத்தப்பட்டாள். "போன் பண்ணிடுங்க கண்ணு."

நெவில் கைபேசியை எடுத்து அங்கேயே நின்று அடித்தான். இருவருக்கும் நடுவே ஒரு கஜ தூரம்கூட இல்லை.

"ஒன்பதாவது," என்று அறிவித்தான். கிளெனிஸைப் பார்த்துக் கையசைத்தான். "என்னைத் தெரியுதா? கொஞ்ச நேரத்துல பேசறேன்."

"நிறுத்துடா, காசு போகுது." டோரீன் கிளெனிஸிடம் திரும்பினாள். "புதுசா சேர்றவங்களுக்கு ஒரு கையேடு தருவீங்களே, அது இருக்கா?"

"நாற்காலிகிட்ட அடுக்கு இருந்துதே. கடைசி ஒண்ணு இருக்கும் கண்ணு."

டோரீன் பார்த்தாள். அடுக்கு காலி. நெவில் ஒரு நாற்காலியின் அடியை மறைத்திருந்த தன் காலை மெதுவாக நகர்த்தினான்.

"வந்தவுடனே உக்காந்தேன், நாற்காலி ஆடிச்சு மேடம். நாலா மடிச்சு முட்டுக் குடுத்தேன்."

"எடு."

கையேட்டை விரித்தாள். முதல் பக்கத்தில் சிரிக்கும் குடும்பம், கொட்டை எழுத்தில் 0844. உள்ளே தடுப்பூசி, சிறுநீர் மாதிரி, நாய்க்கு அனுமதி இல்லை. பின்னட்டையின் அடியில், எறும்பு வரிசை போல ஒரு வரி.

'வெளிநாட்டிலிருந்து அழைப்பவர்கள்:' என்று தொடங்கி, கூட்டல் குறி, நாற்பத்து நான்கு, பிறகு ஓர் எண்.

டோரீன் சிரிக்கவில்லை. அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. இந்தக் கையேடு ஆக்கன்ஷாவின் எல்லா வீட்டு இழுப்பறையிலும் இருக்கிறது. ஐரீனின் இழுப்பறையிலும் இருக்கும்.

"இதை ஐரீன் பார்த்திருப்பா," என்றாள். "பார்த்துட்டு மூடி வச்சிருப்பா. வெளிநாடுன்னு போட்டிருக்கு, கூட்டல் குறி இருக்கு, தொட்டா சொத்தே போயிடும்னு பயந்திருப்பா."

"பயப்பட வேண்டாமா?"

"நெவில், நாற்பத்து நாலு எந்த நாட்டோட நம்பர்?"

அவன் கையேட்டை வாங்கி அந்த வரியை மறுபடி படித்தான்.

"நம்ம நாடு," என்றான் கடைசியில்.

"அதை எடுத்துட்டு முன்னாடி ஒரு சைபர் போடு."

அவன் போட்டான். எண்ணை வாய்க்குள் படித்தான். "மேடம், இது எங்க அம்மா வீட்டு நம்பர் மாதிரியே ஆரம்பிக்குது."

"ஆக்கன்ஷா நம்பர். சாதாரண நம்பர். பந்தாவா ஒரு நம்பரை சுவர்ல மாட்டினாலும், அடியில ஒரு சாதாரண லைன் இருந்தே ஆகணும். ஊர்க்காரங்க பயப்படற 44ஐ அதுக்கு முன்னாடி ஒட்டிட்டாங்க. சல்லிசுன்னு ஊர்க்காரங்க நம்பற 08ஐ சுவர்ல மாட்டிட்டாங்க. யாரும் எதையும் மறைக்கவே வேண்டியதில்ல."

"இப்ப என்ன பண்ணட்டும்?"

"வெளிய போய் அடி."

"மழை பிச்சுக்கிட்டு ஊத்துது."

"தெரியுது. போ."

நெவில் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வெளியேறினான். டோரீன் தடுப்பருகிலேயே நின்று, அறிவிப்புப் பலகையைப் படிப்பதுபோல் பாவனை செய்தாள்.

பத்து நொடி. பதினைந்து.

கிளெனிஸின் பின்னால், தேநீர்க் கெட்டிலுக்குப் பக்கத்தில், ஒரு பழைய சாம்பல் நிற போன் இருந்தது. அது அடித்தது. முதல் மணி முடிவதற்குள் கிளெனிஸ் தலையிலிருந்த மைக்கைக் கழற்றி வைத்துவிட்டு, நாற்காலியோடு சுழன்று ரிசீவரை எடுத்தாள். முகமே மாறி மலர்ந்தது.

"ஹலோ கண்ணு! அங்க வெயில் எப்படி?"

மறுமுனையில் என்ன சொன்னார்களோ, மலர்ந்த முகம் மெல்லச் சுருங்கியது. கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பினாள். அங்கே நெவில், மூக்கு நுனியில் நீர் சொட்ட, காதில் கைபேசியோடு நின்று கையசைத்தான். சாம்பல் நிற ரிசீவரிலிருந்து அவன் குரல் டோரீனுக்கே கேட்டது.

"வெயில் ரொம்ப சுமார்தான் கண்ணு. கதவைத் திறந்தீங்கன்னா மீதியை உள்ள வந்து சொல்றேன்."

●

க்ளினிக்கின் மேலாளர் ஹால்ராய்ட், கம்பளிச் சட்டையும் கசங்கிய கைக்குட்டையுமாக மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவருக்கும் சளி. டோரீன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பொறுமைதான் அவளை மேலும் எரிச்சலூட்டியது.

"இதுல குற்றம் எதுவும் இல்லையே அம்மா," என்றார். "வெளிநாட்டுல இருக்கற நோயாளிங்களும் எங்களைக் கூப்பிடணும்ல?"

"உள்நாட்டுல இருக்கறவங்க?"

"அவங்களுக்குத்தான் நவீன வசதி செஞ்சிருக்கோம். போன், வரிசை, இசை எல்லாமே இந்த 0844 நம்பர் குடுத்த கம்பெனி ஓசியா மாட்டிக் குடுத்தது."

"ஓசியா?" நெவில் காசு கேட்பதுபோல் கையை நீட்டினான். "எங்க பொட்டிக்கடைக்காரரு ஓசியா தராசு குடுத்தவனுக்கு இன்னும் காசு குடுத்துக்கிட்டிருக்காரு. நிமிஷத்துக்கு இவ்வளவுன்னு நோயாளிங்க குடுக்கறாங்களே, அதுலதானே அது அடையுது?"

"ஒப்பந்தம் இன்னும் மூணு வருஷம் இருக்கு. என் கையில இல்ல."

"சரி," என்றாள் டோரீன். "உங்க கையில இருக்கறதைப் பேசுவோம். வில்ஃப் ஷட்டில்வொர்த். நாளைக்கு ஆறு மணிக்கு அவர் பேரை எடுக்கறீங்க."

ஹால்ராய்ட் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். "மூணு நாளும் அவங்க வீட்டிலேர்ந்து அழைப்பே இல்ல. பாருங்க."

"இது உங்ககிட்ட பேசினவங்க பட்டியல். காத்திருந்து கட் ஆனவங்க பட்டியல் எங்க?"

"அது கம்பெனிகிட்ட இருக்கும். எழுதிக் கேட்டா இருபத்தெட்டு நாள்ல தருவாங்க."

"அவருக்கு இருக்கறது ஒண்ணரை நாள்."

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா கூப்பிட்டேன்னு யார் வேணும்னாலும் சொல்லலாம். ஆதாரம்னு ஏதாவது..."

டோரீனின் பழைய தொலைபேசி நிலையத்தில் ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு சீட்டு இருக்கும். இங்கே காத்திருப்புக்கு விலை இருக்கிறது, சாட்சி இல்லை. காரில் ஏறிக் குன்றின்மேல் போய் ஐரீனிடம் அதை எப்படிச் சொல்வது என்று யோசித்தாள்.

ஹால்ராய்டின் மூக்கு துடித்தது. கைக்குட்டையைத் தேடினார். கிடைக்கவில்லை. தடுப்புக் கண்ணாடி அதிரத் தும்மினார்.

"அட சனியனே!"

நெவிலின் தலை மெதுவாகத் திரும்பியது. டோரீன் குறிப்பேட்டைத் திறந்தாள்.

"மிஸ்டர் ஹால்ராய்ட், சனிக்கிழமை ஃப்ளூ ஊசின்னு ஒரு அறிவிப்பைப் பதிவு பண்ணீங்களா?"

"பண்ணினேன். அதுக்கென்ன?"

"பாதியில தும்மினீங்களா? தும்மிட்டு, இப்ப சொன்னதையே சொன்னீங்களா?"

கிளெனிஸ் முந்திக்கொண்டாள்.

"ஐயய்யோ, அதை ஏன் கேக்கறீங்க! அப்படியே லைன்ல விட்டுட்டாரு. காலையில டாக்டரம்மா காருலேர்ந்து கூப்பிட்டப்ப அதைக் கேட்டுட்டு எகிறிட்டாங்க. பத்து மணிக்குள்ள அழிச்சு, நான்தான் என் குரல்ல புதுசாப் பேசிப் போட்டேன்." மைக்கைக் கையால் மூடிக்கொண்டாள். "ரெண்டு மணி நேரம்தான் ஓடியிருக்கும். தப்பிச்சோம்."

"என்னிக்கு கிளெனிஸ்?"

கிளெனிஸ் சுவர் நாட்காட்டியின் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். "இதோ, 'தும்மல்'னு எழுதி வச்சிருக்கேன். நவம்பர் ஒன்பது."

"நவம்பர் ஒன்பதாம் தேதி காலையில உங்க வரிசையில நின்னவங்களுக்கு மட்டும்தான் அந்தத் தும்மல் தெரியும்," என்றாள் டோரீன். "ஐரீன் ஷட்டில்வொர்த்துக்குத் தெரியும். அன்னிக்குக் கூப்பிட்டேன்னு நேத்தே சொன்னா. இன்னிக்குக் காலையில எட்டு மணிக்குத் தும்மலையும் சொன்னா. அப்ப நான் உங்களைப் பார்த்ததுகூட இல்ல."

ஹால்ராய்ட் மூக்கைத் துடைத்துக்கொண்டார், வெகு நேரம்.

"அது ஒரு தேதிக்குத்தானே ஆச்சு," என்றார்.

"உங்க விதியில எத்தனை தடவைன்னு இருக்கு?"

"மூணு."

"மூணுல ஒண்ணு போனா?"

"மேடம் ரொம்பக் கஷ்டமான கணக்கா குடுக்கறாங்க," என்றான் நெவில் கிளெனிஸிடம்.

ஹால்ராய்ட் மாடிக்குப் போய்க் கடிதத்தோடு திரும்பினார். இரண்டே வரி. நீக்கம் ரத்து செய்யப்படுகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம். மேலே க்ளினிக்கின் முகவரி. அதன் கீழே, சந்தேகம் இருந்தால் அழைக்க, 0844.

டோரீன் அந்த எண்ணைப் பார்த்தாள். பேனாவை எடுத்து அதன்மேல் கோடு கிழித்தாள். பக்கத்தில் வேறொரு எண்ணை எழுதினாள்.

"மூணு வருஷம்," என்றாள் காரில் ஏறியதும். "இன்னும் மூணு வருஷம் அந்தப் பலகை அங்கேயே தொங்கும்."

"தொங்கட்டும்," என்றான் நெவில். "நான் அம்மாவுக்குச் சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"அந்த நம்பரை. வெளிய மழையில நின்னப்பவே. எங்க அம்மாவுக்குச் சொன்னா ஊருக்கு மைக் போட்ட மாதிரி. எனக்கே அவங்க வாய்தானே வந்திருக்கு."

●

வெள்ளிக்கிழமை, காலை எட்டு. அதே சமையலறை. அதே கட்டைவிரல். வில்ஃபின் சளி இரவில் இறுகிவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது இங்கேயே கேட்டது.

டோரீன் நேற்றே காசு போட்டுக் கொடுத்திருந்த கைபேசியில் ஐரீன் புது எண்ணை அழுத்தினாள். டொக், டொக், டொக்.

"எங்கேஜ்டு!" என்றாள் பதறி. "இதுவும் போச்சா?"

டோரீன் தலையைச் சாய்த்துக் கேட்டாள். இருபத்திரண்டு வருடம் கேட்ட சத்தம். "இதுக்குக் காசு கிடையாது. மறுபடி அடிங்க."

மறுபடி. எங்கேஜ்டு. மறுபடி. நெவில் இந்தத் தடவை தேநீரை முழுதாகக் குடித்து முடித்தான். பதினேழாவது முறை மணி போயிற்று.

"ஹலோ." கிளெனிஸின் குரலில் எட்டு மணிக்கே எட்டு மணி நேர அலுப்பு. "அங்க வெயில் எப்படி?"

ஐரீன் ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. கீழே, குன்றின் அடியில், க்ளினிக்கின் கூரை மங்கலாகத் தெரிந்தது.

"கொளுத்துது கண்ணு," என்றாள். "எங்க வீட்டுக்காரருக்குச் சளி கட்டிடுச்சு. டாக்டர் வீட்டுக்கு வரணும்."

"பேரு?"

"வில்ஃப் ஷட்டில்வொர்த்."

கணினியில் தட்டும் சத்தம்.

"பட்டியல்ல இருக்காரு. பதினொண்ணரைக்கு டாக்டரம்மா வருவாங்க." கிளெனிஸ் பெருமூச்சு விட்டாள். "இன்னிக்கு ஸ்பெயின்லேர்ந்து நீங்க பதினாலாவது ஆளு கண்ணு."